குடிக்காதவர் மனைவி

விறகு வேண்டுமென்றால் முதலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவள் டெம்போவின் பின்கதவு திறக்காது.

"எங்க வீட்டுக்காரரு குடிப்பாரா?" என்று கேட்பாள்.

"குடிக்கமாட்டாரு" என்று நாம் சொல்ல வேண்டும். வாய்க்குள் முனகினால் ஒத்துக்கொள்ளமாட்டாள். முன்சீட்டில் உட்கார்ந்தபடியே கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்ன பிறகுதான், "பாய், இறக்குங்க" என்று டிரைவரிடம் தலையை அசைப்பாள். செம்பூரில் தந்தூரி அடுப்பு வைத்திருந்த ஒரு பஞ்சாபி ஹோட்டல்காரர்கூட இதற்குத் தப்பவில்லை. "நஹி பீத்தா தா பஹென்ஜி, ஏக்தம் நஹி பீத்தா தா" என்று, குடிக்கவே மாட்டார் என்பதை இந்தியில், நெஞ்சில் கை வைத்துச் சொல்லுவாராம். அந்தப் புருஷனை அவர் பார்த்ததே கிடையாது. நானும்தான் பார்த்ததில்லை. விறகு வந்தால் சரி என்று நானும் சொன்னேன்.

காஸ் சிலிண்டர் எல்லார் வீட்டுக்கும் வந்துவிடாத காலம். பம்பாயில் மில்கள் மூடிக் கிடந்த வருஷங்கள். மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் சந்து முழுக்க இட்லி அவித்து விற்றுப் பிழைத்தது. இட்லி முடிந்த பிறகு நான் ஒரு சமையல்காரரிடம் காய் நறுக்கப் போவேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்க் கல்யாணம் என்றால் பாதி அவர் கைச் சமையல்தான். அவருக்கும் விறகு போட்டது இவள்தான். ஆக, காலையில் என் வீட்டு வாசலிலும் மத்தியானம் கல்யாண மண்டபத்துக் கொல்லையிலும் அவள் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது.

பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவள் விறகுக்கார அக்கா. தூத்துக்குடிப் பக்கத்து வேதக்காரி, கிறிஸ்தவள். சேலைக்கு மேல் ஆம்பிளைக் காக்கிச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை, காலில் டயர் செருப்பு. பின்பக்கம் திறந்த பழைய டெம்போ, இப்போது பிக்கப் என்கிறார்களே, அது. முழங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு அதில் அவள் வந்து இறங்குகிற தோரணையைப் பார்த்தால் விறகு வண்டி மாதிரியே இருக்காது.

மற்ற வண்டிகளில் சாமி துணை, அம்மா ஆசி என்று எழுதியிருக்கும். இவள் வண்டியின் பின்பலகையில் பெயின்டரைக் கூப்பிட்டு, மஞ்சள் எழுத்தில், 'குடிக்காதவர் மனைவி' என்று எழுதி வைத்திருந்தாள். சயான் சிக்னலில் ஒரு மராத்திப் போலீஸ்காரர் நிறுத்தி, இது என்ன எழுத்து என்று கேட்டிருக்கிறார். "பகவான் கா நாம் ஹை சாப்" என்று, அதாவது சாமி பேரு என்று, கூசாமல் சொன்னாளாம். அவர் அந்தப் பலகையைத் தொட்டுக் கும்பிட்டு விட்டுவிட்டார் என்று பாய் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள்.

அவளுக்கு மறதி என்பதே கிடையாது. கோபம் வந்தால் நாமெல்லாம் கத்துவோம், ரெண்டு வார்த்தை விட்டுவிட்டு அடங்கிப் போவோம். அவள் கத்தமாட்டாள். "இருக்கட்டும்" என்பாள். அவ்வளவுதான். அதற்கு அவள் நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று தோன்றும்.

மாட்டுங்காவில் மாடி வீட்டு மாமி ஒருத்தி, மாடிப்படியில் நின்று யாரிடமோ, "அந்தக் குடிகாரன் பொண்டாட்டி வந்திருக்கா, விறகை எண்ணி வாங்கு" என்றாள். கீழே அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இருக்கட்டும் என்றாள். நாலைந்து மாதம் கழித்து அந்த வீட்டில் பூணூல் கல்யாணம் வந்தது. விறகு நேரத்துக்கு வந்தது. எடை குறையவில்லை, ஈரம் இல்லை, பூச்சி அரிக்கவில்லை. ஒன்றுதான் குறை. ஒவ்வொன்றும் உரல் தண்டிக்கு, முடிச்சு முடிச்சான அடிமரம். ஒரு கட்டைகூடப் பிளக்கவில்லை. கோடாலி போட்டால் கோடாலிதான் பிளந்தது. அன்று அவர்கள் வைத்திருந்தது வேறு சமையல்காரர். அவர் தலையில் அடித்துக்கொண்டு மாமியைத் திட்ட, மாமி தெருவில் இறங்கி இவளைத் திட்ட, இவள் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, "பொளந்து தாரேன்னு நான் சொல்லலையே மாமி" என்றாள். வேறு விறகுக்கு ஆள் ஓடி வாங்கிவந்து சாப்பாடு போட்டபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். அந்த மாமி எங்களையும் அப்படித்தான் பேசுவாள்.

என்னிடமும் ஒரு தடவை காட்டினாள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். ஒரு மழை நாளில், அடுப்பு அணைந்து மாவு பொங்கிக்கொண்டிருக்கிற அவசரத்தில், இவள் வாசலில் வந்து நின்று, "எங்க வீட்டுக்காரரு குடிப்பாரா?" என்றாள். "ஏ அக்கா, போய்ச் சேந்த மனுசனை நிம்மதியா விடேன்" என்று சொல்லிவிட்டேன். அன்று விறகு போட்டாள். அடுத்த நாளிலிருந்து எங்கள் சந்தில் என் வீட்டுக்குத்தான் கடைசி. எல்லார் வீட்டிலும் ஆவி பறக்கும், நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படி. கடைசியில் நானே வண்டிக்கு முன்னால் போய் நின்று, தொண்டை கிழிய, "குடிக்கமாட்டாரு, குடிக்கமாட்டாரு, போதுமா!" என்று கத்தினேன். "போதும், ஏன் கத்துத?" என்றாள் அமைதியாக. மறுநாள் முதல் கட்டு என் வாசலில் விழுந்தது.

அந்தப் புருஷன் கதையை அவள் வாயால் நான் கேட்டதில்லை. பாய் சொன்னதுதான். அந்தப் புருஷன் செத்தபோது பாய் அதே இடத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர்.

டிராம்பே போகிற ரோட்டில் ஒரு வக்கார் இருந்தது. மரமும் விறகும் அடுக்கி வைத்து விற்கிற இடத்துக்கு பம்பாயில் வக்கார் என்று பெயர். அதன் முதலாளியும் நம் ஊர்க்காரர்தான், நெற்றி நிறைய விபூதி, பேச்சு நிறையத் தர்மம். அங்கே இவள் புருஷன் சுமை இறக்குகிற வேலை பார்த்தார். ஏதோ பழைய கட்டடத்தை இடித்த உத்திரமும் தூணும் லாரி லாரியாக வந்து, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு பக்கம் பச்சைப் பெயின்ட். ஒரு காலையில் அந்த அடுக்கு அப்படியே சரிந்தது. மேலே நின்றவர் அடியில் போய்விட்டார். எடுத்தபோது உயிர் இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் முதலாளி ஊரெல்லாம் ஒன்றைச் சொல்லிவிட்டார். ஆள் குடித்துவிட்டு வந்து ஏறினான், தடுமாறி விழுந்தான், கட்டையையும் இழுத்துப் போட்டுக்கொண்டான். பக்கத்தில் ஒரு சீசாவும் கிடந்ததாம். சீசாவுக்குக் கால் முளைத்து வந்ததா என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. வேலை போய்விடுமே.

எதற்கு இந்தப் பொய் என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் தொழிலில் அன்று ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆள் மேல் விழுந்து உயிர் எடுத்த கட்டை கல்யாண அடுப்புக்கு ஆகாது. அந்த ஒரு கட்டை மட்டுமல்ல, சரிந்த அடுக்கு முழுவதும் சுடுகாட்டுக்குத்தான் போக வேண்டும். தெரிந்தே எந்தச் சமையல்காரரும் தொடமாட்டார். ஆனால் ஆள் போதையில் தானாக விழுந்து செத்தால் கட்டை மேல் குற்றம் இல்லை என்பார்கள். சுடுகாட்டுக்குக் கிடைக்கிற விலை வேறு, கல்யாண வீட்டில் கிடைக்கிற விலை வேறு. அந்த அடுக்கை நல்ல விலைக்குத் தள்ளிவிட ஒரு மனிதனைக் குடிகாரன் ஆக்கினார். இவ்வளவுதான் விஷயம். கல்யாணத்தன்று மாதா கோயிலில் முழங்காலில் நின்று, தன் அப்பனைக் கொன்ற சாராயத்தைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய மனிதர் இவள் புருஷன்.

முதலாளி அரிசி மூட்டை அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டாள். ரூபாய் அனுப்பினார். அதையும் அனுப்பிவிட்டு, அவளே வக்காருக்குப் போய் நின்றாளாம்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் முதலாளி. நாலு பேரு முன்னால, அவரு குடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போயிருதேன்."

எப்படிச் சொல்வார்? சொன்னால், பச்சைக் கட்டை வாங்கின கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து சட்டையைப் பிடிப்பார்கள். "குடிச்சவனைக் குடிக்கலன்னு எப்படிம்மா சொல்லுதது?" என்று விபூதியைத் தடவிக்கொண்டாராம். எனக்கு அந்த ஆளை அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. முதலாளியும் இப்போது இல்லை, செத்துப்போனவரைப் பற்றி இப்படிப் பேசக்கூடாது என்பீர்கள். பேசுவேன்.

ஊரில் இருந்த நிலத்தையும் காதில் கழுத்தில் கிடந்ததையும் விற்று அக்கா அந்த டெம்போவை வாங்கினாள். பாய் லாரியை விட்டுவிட்டு இவளிடம் வந்தார். பிறகு முதலாளியின் வாடிக்கையை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவர் வண்டி மத்தியானம் வருமென்றால் இவள் காலையில் போய் நிற்பாள். அவர் ஈர விறகைக் கலந்து போட்டால், இவள் வாசலிலேயே ஒரு சுள்ளியைப் பற்றவைத்துக் காட்டுவாள். விலையை அவர் குறைத்தால் இவளும் குறைப்பாள். பட்டினியாகக் கிடந்துகூடக் குறைப்பாள். போகிற இடமெல்லாம் அந்தக் கேள்வி, அந்தப் பதில். ஐந்தாறு வருஷத்தில் செம்பூரிலிருந்து தாராவி வரைக்கும் அவள் புருஷன் குடிக்கமாட்டார் என்று வாயால் சொல்லாத அடுப்புக்காரர் இல்லை. ஒரே ஒரு ஆளைத் தவிர.

ஒரு நாள் காய்ச்சலாகக் கிடக்கிறாள் என்று கஞ்சி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. படுக்கிற இடம் போக மீதிச் சுவர் முழுக்கத் தார்ப்பாய் போட்டு ஏதோ மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தேன். பச்சைப் பெயின்ட் அடித்த கட்டைகள்! எங்கெங்கே மிச்சம் கிடந்ததோ அங்கெல்லாம் தேடிப்போய், ஹோட்டலிலும் சமையல்காரர்களிடமும் திருப்பி வாங்கிச் சேர்த்திருக்கிறாள். புருஷனைக் கொன்றதை அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள் மனுஷி.

"ஏ அக்கா, இதை வச்சு என்ன செய்யப்போற? கொண்டு எரி."

"எரிக்கத்தான் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் பயம்தான், பிரியம் குறையவில்லை என்றாலும்.

முதலாளியின் ஒரே மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாட்டுங்காவில் மண்டபம். சமையல் எங்கள் அண்ணாச்சி. விறகு மட்டும் தன் வக்காரிலிருந்துதான் வரும் என்று முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. முதல் நாள் மத்தியானம் கொல்லையில் கோட்டை அடுப்பு வெட்டி, நாங்கள் பூசணிக்காயும் கத்திரிக்காயும் மலையாகக் குவித்து நறுக்கிக்கொண்டிருந்தோம். அடுப்பு பற்றவைப்பதற்கு முன் அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "விறகு சுத்தந்தானா?" என்று கேட்பார். "சுத்தம்" என்று அவர் சொல்லிக் கற்பூரம் வைக்க வேண்டும். அதற்காக முதலாளியும் அவர் மனைவியும் சொந்தக்காரர்கள் பத்து இருபது பேரும் வந்து நின்றார்கள். பொண்ணும் ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கொல்லைக் கதவு வழியாக அந்த டெம்போ பின்பக்கமாக உள்ளே வந்தது. மஞ்சள் எழுத்து முதலாளி முகத்துக்கு நேரே வந்து நின்றது.

அக்கா இறங்கினாள். பாயும் அவளும் பச்சைக் கட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். அரிவாள்மணையில் எனக்குக் கை ஓடவில்லை.

"என்ன இது?" என்றார் முதலாளி.

"மொய் முதலாளி. பிள்ளை கல்யாணமாச்சே, வெறுங்கையோட வரமுடியுமா? உங்க வக்கார்ல நீங்க வித்த விறகுதான். எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டு விழுந்தாரே, அந்த அடுக்கு."

"எடுத்துட்டுப் போ முதல்ல."

"ஏன்? அவரு குடிச்சிட்டுத்தானே விழுந்தாரு? அப்ப கட்டை மேல குத்தம் இல்லையே. ஊர்ல எத்தனை பிள்ளை கல்யாணத்துக்கு இதைப் போட்டிய. உங்க பிள்ளைக்கும் போடுங்க. சுத்தம்னு சொல்லிக் கற்பூரத்தை வைங்க முதலாளி."

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "முதலாளி, எனக்கும் இது தெரிஞ்சாகணும். நானும் இந்தப் பச்சைக் கட்டையில ரெண்டு கல்யாணத்துக்குச் சமைச்சிருக்கேன். உங்க வாயை நம்பித்தான் சமைச்சேன். சுத்தம்னா இதுல பத்த வைக்கேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

பாவி மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கற்பூரத்தைக் கையில் எடுத்தார். உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக, பெற்ற மகள் கல்யாணத்தை அந்தக் கட்டையில் சமைத்துவிடலாம் என்று நினைத்துவிட்டார்! குனிந்தும்விட்டார். அவர் மனைவி பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டாள். கற்பூரம் என் கத்திரிக்காய்க்குள் வந்து விழுந்தது.

"பிள்ளை வாழ வேண்டாமா உங்களுக்கு? சொல்லுங்க!" என்று அவள் அலறினாள்.

முதலாளி நிமிரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "அவன் குடிக்கல" என்றார்.

அக்கா கையைக் காதுக்குப் பின்னால் குவித்தாள். "கேக்கல முதலாளி."

"குடிக்கல! அவன் குடிக்கல, போதுமா!"

கூட்டத்தில், "ஏ, அப்ப எம் மவ கல்யாணத்துக்குப் போட்ட கட்டை?" என்று யாரோ ஒருவர் முன்னால் வந்தார். வேறு யாரோ அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. கண்ணை மூடி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் அப்படியே தளர்ந்துபோயிற்று. இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை நான் அன்றுதான் பார்த்த மாதிரி இருந்தது. சின்ன வயசுக்காரிதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கட்டையை ஏத்துங்க பாய். கல்லறைத் தோட்டத்துப் பக்கம் கொண்டு எரிச்சிருவோம்" என்றாள். அவள் தேடி வந்தது கிடைத்துவிட்டது, அவள் போயிருப்பாள். சத்தியமாகப் போயிருப்பாள். அந்த அம்மாள்தான் விடவில்லை. மகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒண்ணும் மிச்சம் வைக்காம சொல்லிருதேன் தாயி, எம் பிள்ளையைச் சபிச்சிராத. அன்னைக்கு விடியக்காலம் உங்க வீட்டுக்காரரு எங்க வாசல்ல வந்து நின்னாவ. அடுக்கு சாஞ்சு நிக்கு முதலாளி, பிரிச்சு அடுக்கிட்டு ஏறுதேன்னு சொன்னாவ. லாரி காத்து நிக்கு, ஏறுலேன்னு இவியதான் அனுப்புனாவ. நான் உள்ள இருந்து கேட்டேன்."

பாய் தூக்கின கட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

அக்கா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். அந்த அம்மாளைப் பார்த்தாள், பிறகு முதலாளியைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்கிற அளவுக்கு அவள் குரல் இறங்கியிருந்தது.

"அப்ப நான் இத்தனை வருசமும் பாதிக்குத்தான் பகை வச்சிருக்கேன்."

காக்கிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டாள். ஜன்னலில் நின்ற பொண்ணை அண்ணாந்து பார்த்து, தலையில் கை வைக்கிற மாதிரி காற்றில் கையை வைத்தாள். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

"வக்கார் விறகைத் தொடாதீங்க அண்ணாச்சி. வண்டிக்குள்ள அடியில நல்ல புளிய விறகு கிடக்கு, பொளந்து வச்சிருக்கேன், இறக்கிக்கிடுங்க. பிள்ளை கல்யாணம் நல்லா நடக்கட்டும். இவரை நாளையிலேருந்து பாத்துக்கிடுதேன்."

அதுவரை அழாத முதலாளி அப்போதுதான் அழ ஆரம்பித்தார்.